பங்கு

"குதிரைக் கோயிலா?" என்று திருத்தினார் கண்டக்டர்.
நான் சந்தியாகப்பர் கோயில் என்றிருந்தேன்.
தேவகோட்டையிலிருந்து பதினோரு ரூபாய் தூரம்.
நிறுத்தத்தில் டிரைவர்
நெற்றி நிறைய விபூதியோடு
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்,
முகப்பில் வாளோங்கி நிற்கும்
வெள்ளைக் குதிரைக்காரருக்கு.

செவ்வாய்க்கிழமை. பூசை இல்லை.
பங்குச்சாமியார் சிவகங்கைக்குப் போயிருந்தார்.
கோயில் மட்டும் வேலையாக இருந்தது.

வடக்கு வாசல் நிழலில் குழுப்பெண்கள்
தவணைப் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
அந்தோணியார் காலடியில்
யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.
கோயில் போரில்தான் தெருவுக்கே தண்ணீர்;
வரிசையில் நின்றவை குடங்கள் மட்டும்,
ஆட்கள் வேப்பமரத்தடியில்.
காலையில் செபமாலை சொல்லும் ஒலிபெருக்கி
இப்போது
"சாம்பல் நிறக் கிடாய், வலது காது கிழிந்தது,
கண்டவர்கள் இஞ்ஞாசி கடையில் சொல்லவும்" என்றது.

சுவரில் கை வைத்தேன், குளிர்ந்தது.
நூற்றைம்பது வருசச் சுண்ணாம்பு.
வாசற்கல்லில் பாதி தேய்ந்த எழுத்து:
மெ.சு. வீட்டார் உபயம், சுண்ணாம்பு நூறு வண்டி.
எந்த மெ.சு., எந்த ஊர்,
கேட்ட யாருக்கும் தெரியவில்லை.
அவர்கள் வீட்டுச் சாவிக்கொத்து இன்று
எத்தனை பங்காளிகளிடம் பிரிந்து கிடக்கிறதோ.
கொடுத்த சுண்ணாம்பு மட்டும்
இங்கே பிரியாமல் நிற்கிறது.

நான் வந்ததும் பிரிக்கத்தான்.
அப்பா காரைக்குடியில் கட்டிய வீடு,
நாங்கள் மூவர்.
வக்கீல் கேட்டது மூன்று ஞானஸ்நான நகல்.
நகலுக்கு ஐம்பது என்று போனில் சொல்லியிருந்தார்கள்.
நூற்றைம்பதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

கணக்கர் எஸ்தாக்கி
குளிர்பெட்டியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.
நேற்றிரவு கீழத்தெருவிலிருந்து திரும்பியிருக்கிறது.
"இந்தச் சுத்துவட்டாரத்துல
ஆள் பாக்காத படுக்கை இது ஒண்ணுதான் தம்பி."
கை கழுவி,
இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்தார்.

பேரேட்டில் அந்துருண்டை வாசம்.
அவர் விரல் அப்பாவின் பெயரைத் தேடி
ஊதா மை வரிகளில் பின்னோக்கி நடந்தது.
தங்கச்சி, எண்பத்திரண்டு.
நான், எழுபத்தொன்பது.
அண்ணன், எழுபத்தாறு.
நிற்க வேண்டிய விரல் நிற்கவில்லை.
"நாலு இருக்கே."

எழுபது, நவம்பர். மரியபுஷ்பம்.
தகப்பன் கட்டத்தில் அப்பா,
அதே ஊர், அதே லாரி டிரைவர் வேலை.
தாய் கட்டத்தில் மிக்கேலாள்.
எங்கள் அம்மா பெயர் செங்கோல்மேரி.

பேரேட்டுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.
எங்களுக்குக் கொடுத்த அதே அளவுக் கட்டம் அவளுக்கும்.
ஒரே தொட்டித் தண்ணீரில் நனைந்த நாலு தலை.

இறப்புக் கட்டம் காலி.
ஓரத்தில் பிறகு யாரோ
பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது:
திருமணம், பள்ளத்தூர் பங்கு, தொண்ணூற்றிரண்டு.

பங்கு.
மூன்று மாதமாக வக்கீல் வாயிலும் எங்கள் வாயிலும்
அரைபட்ட சொல்.
அவள் பெயருக்கு நேரே
முப்பது வருசத்துக்கும் முன்பே
எழுதியாகிவிட்டிருந்தது.

பள்ளத்தூர் தூரமில்லை.
அப்பா கிடந்த அன்று
காலருகே வெகுநேரம் நின்றுவிட்டு
காப்பி வாங்காமல் போன பெண்ணை
யாரென்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.
அவளாக இருக்கலாம்.
யாரோ ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.
கட்டைவிரல் நீண்ட பாதம் மட்டும் நினைவிருக்கிறது.
குனிந்து
என் செருப்பைப் பார்த்தேன்.

"எத்தனை நகல் எழுத?"
மூடி கழற்றிய பேனாவோடு எஸ்தாக்கி.
அவர் முகத்தில் ஒன்றும் இல்லை;
இதற்கு முன்பும் இந்த மேசையில்
எத்தனையோ பேருக்கு எண்ணிக்கை மாறியிருக்கும்.

வெளியே மறுபடியும் ஒலிபெருக்கி,
வலது காது கிழிந்தது, கண்டவர்கள்...
கிடாய் இன்னும் கிடைக்கவில்லை போல.

பஸ்ஸுக்கென்று பர்ஸில் ஒதுக்கிய ஐம்பதை
எடுத்துப் பிரித்து நீவினேன்.
நாலு தாள் கையில்.
மேசையில் இன்னும் வைக்கவில்லை.